கண்ணாடிப் பஞ்சு

19 ஜனவரி 1966, புதன்

பொங்கல் முடிந்து இன்றுதான் ஷெட்டுக்கு எல்லோரும் ஒழுங்காக வந்தோம். வந்ததும் வராததுமாக முதலாளி தாஜுதீன் பாய் என் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டார். லால்குடியிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்திருந்தார். யார் வந்தாலும் இதே நாடகம்தான். நாங்கள் வார்த்த கூரை ஷீட்டைத் தரையில் போட்டு நான் ஓங்கி அடிக்க வேண்டும், அது உடையாமல் இருக்க வேண்டும், வந்தவர் வாயைப் பிளக்க வேண்டும். மில்காரர் பிளக்கவில்லை. "கண்ணாடிங்கறீங்க, உடையலையே. அப்ப கண்ணாடி இல்லையா?" என்றார்.

பாய் ஆரம்பித்தார். "கண்ணாடிதாங்க. உருக்கி நூலா இழுத்துப் பஞ்சாக்கிடறாங்க. பஞ்சை மட்டும் வச்சா கையாலேயே பிச்சுடலாம். மேல ஊத்தற பிசினை மட்டும் வார்த்தா கீழ விழுந்து நொறுங்கிடும். ரெண்டையும் சேர்த்துட்டா இரும்பு தோத்துப்போகும். துருப்பிடிக்காது, உள்ள வெளிச்சம் வரும், ஒத்தை ஆள் தலையில தூக்கிட்டுப் போயிடலாம்." மில்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். யோசிக்கிறவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

உறையூரில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தவன் நான். புகையிலை நாற்றம் போய்விட்டது என்று என் வீட்டுக்காரி செல்லக்கிளிக்கு இந்த வேலையில் ஏகப்பட்ட சந்தோஷம். காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தால், வீட்டு வாசலிலேயே அடுத்த சந்தோஷம் காத்திருந்தது. வள்ளிக்கண்ணு குப்புற விழுந்துவிட்டாளாம். கல்யாணமாகி ஏழு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை. அடையவளஞ்சான் தெரு முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. நான்தான் கடைசி ஆள்.

20 ஜனவரி, வியாழன்

பிசின் இறுகுவதற்கு ஒரு மருந்து விடுவோம். பாய் அதை ஹார்டனர் என்பார், நாங்கள் உறை என்போம், பாலுக்கு விடுகிற மாதிரிதான். இன்று உறை தூக்கலாகிப் பிசின் வாளியிலேயே கல்லாகிவிட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

6 பிப்ரவரி, ஞாயிறு

ஷீட் துண்டு ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வந்து செல்லக்கிளியிடம் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்தது. வேறென்னவெல்லாம் வார்ப்பீர்கள் என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி, மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்கவசம், பஸ்ஸின் முன்முகம், நாற்காலி, படகு என்று நான் அடுக்கினேன். வெளிநாட்டில் கார் முழுவதையுமே இதில் வார்க்கிறார்கள் என்று பாய் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு அண்டா வார்த்துட்டு வாங்க. தூக்கிட்டு வரவே இடுப்பு ஒடியுது."

"பிளாஸ்டிக் அண்டாவில தண்ணி பிடிச்சா எதிர்வீட்டு மாமி கிணத்துப் பக்கமே விடமாட்டா."

"அவங்க இப்பவே விடறதில்லையே" என்றாள். சிரித்துவிட்டேன். என் பழைய வேட்டியை இரண்டாக மடித்து உத்தரத்தில் தூளி கட்டியிருக்கிறாள். பிள்ளை அதில் போட்டால்தான் தூங்குகிறது. வேலைக்குக் கட்டிக்கொண்டு போய்ப் போய் மெத்தென்றாகிவிட்ட வேட்டி.

3 மார்ச், வியாழன்

மில்காரர் திரும்பி வந்துவிட்டார்! கூரை முழுவதற்கும் ஆர்டர். வரமாட்டார் என்று எழுதிய என் கையில் ஒன்று போட வேண்டும். ஆனால் ஷீட்டுகளை அளவுக்கு அறுக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து ரம்பம்தான். வெள்ளைத் தூள் மேலெல்லாம் மாவு மாதிரி படிந்துவிடுகிறது. வேலையில் சேர்ந்த புதிதில் இந்தப் பஞ்சு என்னைப் படுத்திய பாடு! பிறகு தோல் பழகி மரத்துப்போனது. இப்போது ஒன்றுமே தெரிவதில்லை.

பிள்ளை இரவெல்லாம் அழுகிறது. பல் முளைக்கப் போகிறது என்கிறாள் செல்லக்கிளி. தனக்கும் கை அரிக்கிறது, இந்த மாதம் வாங்கிய சோப்பு சரியில்லை என்கிறாள்.

17 மார்ச், வியாழன்

வேலை விட்டு வந்தால் நிலைப்படியில் வேப்பிலை.

வள்ளிக்கண்ணுவின் கழுத்திலும் தொடை மடிப்பிலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு. உடம்பு சுடவில்லை. அதற்குள் லால்குடிக்கு ஆள் சொல்லி அனுப்பி, செல்லக்கிளியின் அக்கா ராக்கம்மாள் அண்ணியும் வந்தாகிவிட்டது. நான் வாசலில் நின்றபடி, "என்ன சொறி இது, நேத்துகூட இல்லையே" என்றேன். அண்ணி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தாத குறை.

"தம்பி! அந்தப் பேச்செல்லாம் வேணாம். அம்மா விளையாட வந்திருக்கா. வாயைக் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். பங்குனி மாதம், ஊரில் அங்கங்கே அம்மை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். சமயபுரத்தில் அம்மனே பக்தர்களுக்காகப் பட்டினி கிடக்கிற மாதம். டாக்டரிடம் காட்டலாமா என்று மெல்லக் கேட்டேன். செல்லக்கிளி என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தைரியம் இருந்ததா? ஏழு வருஷம். அம்மனிடம் கேட்டு வாங்கிய பிள்ளையைப் பற்றி அம்மனோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை.

19 மார்ச், சனி

வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. துணியை அடித்துத் துவைக்கக் கூடாது. நான் நடையில் படுக்கிறேன். பிள்ளை தூளியில் கிடந்து நெளிகிறது. வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்தபடி இரண்டு பெண்களும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்கினால் அழுகை கொஞ்சம் நிற்கிறது. தூளியில் போட்டால் வீல் என்று கத்துகிறது. "அம்மாவுக்கு நாம தூக்கறது பிடிக்குது போல" என்கிறாள் செல்லக்கிளி. பிள்ளையைச் சொல்கிறாளா, அம்மனைச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

24 மார்ச், வியாழன்

இன்று தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மஞ்சளில் நனைத்த புதுத்துணியில் பிள்ளையைப் போட்டார்கள். பிள்ளை அதில் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இறங்கிவிட்டாள்.

3 ஏப்ரல், ஞாயிறு

நேற்று பக்ரீத். பாய் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பாயின் சம்சாரம் ஷரீபா அம்மா தன் கையாலேயே பிரியாணி எடுத்து வைத்தார்கள். "கொழந்தைக்கு உடம்பு சரியில்லன்னீங்களே, இப்ப தேவலையா? அல்லாகிட்ட துஆ செஞ்சேன்" என்றார்கள். அப்படிக் கேட்டவர்களிடம் நான் கறி சாப்பிட மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனி என்ன என்று சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

இரண்டு வாரமாகச் சேர்ந்த அழுக்குத்துணி முழுவதையும் இன்று செல்லக்கிளி கிணற்றடியில் ஊறவைத்துத் துவைத்துப் போட்டாள். மறுபடி தூளியும் கட்டியாகிவிட்டது.

6 ஏப்ரல், புதன்

திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அதிகம். கன்னத்தில்கூட.

செல்லக்கிளி அழவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். "நாங்க ஏதும் தப்புப் பண்ணலை. நீங்க வெளியில எங்க சாப்பிட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாய் வீட்டில் என்றேன். கறியா என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "அம்மா வீட்டை விட்டுப் போறதுக்குள்ள கறி தின்னுட்டு வந்து நின்னீங்களே... உங்களுக்கு என்ன, நீங்களா சுமந்தீங்க?" என்னென்னவோ சொன்னாள். நானும் கத்தினேன். அம்மாவுக்கு என்மேல் கோபம் என்றால் என் உடம்பில் வர வேண்டியதுதானே, பச்சைப்பிள்ளை என்ன பண்ணிச்சு? கேள்வி கேட்டதே இன்னொரு குற்றமாகிவிட்டது.

7 ஏப்ரல், வியாழன்

பேச்சு இல்லை. சோறு மட்டும் வருகிறது.

19 ஏப்ரல், செவ்வாய்

சமயபுரம் தேர். கரும்புத் தொட்டில் போடுவதாகச் செல்லக்கிளி வேண்டிக்கொண்டிருந்தாள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் தூளிபோல் வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் பிள்ளையைக் கிடத்தி, முன்னால் நான், பின்னால் அவள், தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் கோயிலைச் சுற்றினோம். அப்பனின் வேட்டிதான் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், என்னுடையதைத்தான் கட்டினாள். பிள்ளை சுற்றி முடிக்கும் வரை கதறியது. சுற்றியிருந்த ஜனங்கள் "அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வீடு வந்து அவிழ்த்துப் பார்த்தால் முதுகு முழுவதும் ரத்தச் சிவப்பு. இனி எதை வேண்டிக்கொள்வது?

27 ஏப்ரல், புதன்



ஷெட்டில் இருதயநாதன் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். முன்பு தச்சு வேலை பார்த்தவர், வயதில் எனக்கு மூத்தவர். இன்று சாப்பாட்டு நேரத்தில் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை மடிப்பில் பொடிப்பொடியாகச் சிவப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, அம்மையோட வேலைக்கு வந்திருக்கீங்களா?" என்றேன்.

"அம்மையா? நம்ம பஞ்சுதாம்ப்பா! கண்ணாடி ஊசி ஊசியாக் குத்துது. உனக்கு வரலையா?"

எனக்கும் வந்தது, மறந்துவிட்டேன், பழகிடும் என்றேன். அதோடு விட்டிருப்பேன். அவர்தான் சொன்னார்: "எனக்கு வந்தா நியாயம். என் வீட்டுக்காரிக்கும் வந்திருக்கே, அதுதான் வேடிக்கை. ஷெட்டுப் பக்கமே வராதவ. என் சட்டையைத் துவைச்சா, அவ்வளவுதான். அவ புடவையெல்லாம் பஞ்சு ஏறிடுச்சு."

சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்தேன். தூளி. என் வேட்டி. ஒரே வாளியில் ஊறின துணிகள். புதுத்துணியில் போட்டபோது தூங்கிய தூக்கம். எல்லாத் துணியையும் துவைத்துப் போட்டதும் திரும்ப வந்தது. அம்மாவும் இல்லை, கறியும் இல்லை. நான்தான் மாதக்கணக்காகக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பிள்ளைமேல் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

28 ஏப்ரல், வியாழன்

நேற்றே சொன்னேன். எப்படிச் சொல்லக் கூடாதோ அப்படிச் சொன்னேன். வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போனேன்: "செல்லக்கிளி, அது அம்மா இல்ல, பஞ்சு!"

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணியும் இருந்தாள். "செஞ்சது பத்தாதுன்னு அம்மாளைப் பஞ்சுங்கறாரே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூளியை அவிழ்க்கப் போனேன். செல்லக்கிளி பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கத்தான் பிடுங்கினாள். வேறு வார்த்தை இல்லை. "இவளாவது எனக்கு இருக்கட்டும், விட்டுடுங்க" என்றாள்.

இன்று காலை பஸ்ஸில் மூவரும் லால்குடிக்குப் போய்விட்டார்கள். வேப்பிலை நிலைப்படியில் காய்ந்துகொண்டிருக்கிறது. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. இவ்வளவு தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

8 மே, ஞாயிறு

லால்குடி போனேன். குளித்து, கடையில் வாங்கிய புது வேட்டியோடு போனேன். வள்ளிக்கண்ணு மேல் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பளிங்கு மாதிரி இருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, என் துணி இல்லாத இடத்துல சரியாயிடுச்சு" என்றேன் செல்லக்கிளியிடம்.

"பாத்தேன். நீங்க இல்லாத இடத்துல சரியாயிடுச்சு" என்றாள்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா? விட்டாலும் அவளுக்கு அது பதிலாகாது. நான் கெட்டவன் என்றுதான் நிற்கும்.

15 மே, ஞாயிறு

இன்று என் ஷெட் சட்டையைப் பேப்பரில் பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். பிள்ளை உள்ளே இருந்தது. ராக்கம்மாள் அண்ணியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டேன்.

"அண்ணி, இதை உங்க முழங்கை மடிப்புல கொஞ்ச நேரம் தேய்ங்க."

"எதுக்கு, மந்திரமா?"

"ஒண்ணும் ஆகலைன்னா சமயபுரத்துல மொட்டை போட்டு, கறி தின்னதுக்கு அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். என் ரெண்டு கண்ணு மேல சத்தியமா."

அண்ணிக்கு என்னை மொட்டைத் தலையோடு பார்க்க எவ்வளவு ஆசையோ, பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். "போதும் அண்ணி" என்று நானே தடுக்க வேண்டியதாயிற்று. சாப்பிட்டு எழுவதற்குள் சொறிய ஆரம்பித்துவிட்டாள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து சத்தம் வந்தது.

"அடப்பாவி தம்பி! என்ன எழவுச் சட்டைய்யா இது! எரியுதே!"

பொடிப்பொடியாகச் சிவப்பு. அதே சிவப்பு. செல்லக்கிளி அக்காவின் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். அந்தக் கையைப் பிடித்து மறுபடி பார்த்தாள். "அப்ப நான்தான் துவைச்சுத் துவைச்சு அவ மேல போட்டிருக்கேனா?" என்றாள்.

இல்லை, கொண்டுவந்தது நான் என்றேன். யாருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அழுதாள். இதைத்தான் ஜெயம் என்கிறார்களா?

29 மே, ஞாயிறு

வந்துவிட்டார்கள். வீடு முழுவதையும் கழுவிவிட்டேன். தூளிக்கு அவளுடைய பழைய புடவை. பாயிடம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அல்லாவே, கொழந்தைக்கா?" என்று ஷெட்டுக்குப் பின்னால் குளிக்கத் தட்டி கட்டிக்கொடுத்தார். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். அழுக்குத்துணி தனி மூட்டை. கிணற்றடியில் தனி வாளி, தனிக் கல், துவைப்பது நான், காய்வது தனிக் கொடியில். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நான் துணி துவைப்பது நல்ல பொழுதுபோக்கு.

"இனிமே நீங்க சொல்றதைத்தான் கேப்பேன்" என்றாள் செல்லக்கிளி. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. நல்லது நடந்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. ஆனாலும் இந்த வார்த்தை பிடித்திருக்கிறது.

18 ஜூன், சனி

பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்றிலிருந்து நல்ல காய்ச்சல். பல்தான். மேல்வரிசையில் வெள்ளை தெரிகிறது.

21 ஜூன், செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாடா என்று இருந்தேன். மாலையில் செல்லக்கிளி பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள். நெற்றியிலும் கையிலும் பொடிச்சிவப்பு. என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மாவா இருக்குமாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மறுபடி ஆரம்பிக்கறியா? உடம்பு சுடலையே. பஞ்சுதான். எங்கேயோ ஒட்டிட்டு வந்திருக்கேன்." எப்படி வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். நேற்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தலைக்குக் குளிக்கவில்லை. தலைமுடியில்தான் இருந்திருக்க வேண்டும். பிள்ளை என் முடியைப் பிடித்து இழுப்பாளே.

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

22 ஜூன், புதன்

காலையிலும் மாலையிலும் நானே குளிப்பாட்டினேன். சோப்புப் போட்டு, துணியால் தேய்த்து, ஊசி எல்லாம் வெளியே வரட்டும் என்று நன்றாகத் தேய்த்தேன். கத்தினாள். செல்லக்கிளி வெந்நீர் ஊற்றினாள். தலையணை உறை, விரிப்பு, புடவைத் தூளி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தோம். இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலை செய்து வெகுநாளாயிற்று. வேப்பிலை என்று அவள் வாய்திறக்கவே இல்லை.

24 ஜூன், வெள்ளி

உள்ளங்காலில்.

பஞ்சு உள்ளங்காலில் வராது. உள்ளங்கையில் வராது. முத்து முத்தாக நீர் கோத்து நிற்காது. காலையில் பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தேன், கையையும் விரித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. பஞ்சைப் பத்தி எனக்குத் தெரியாததா? எனக்கு மட்டும்தானே தெரியும்னு இருந்தேன்.

பெரியாஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஓடினோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஒதுங்கி நின்றார். "பெரியம்மை. எத்தனை நாளா இருக்கு? என்ன பண்ணினீங்க?"

"குளிப்பாட்டினோம்" என்றேன்.

"குளிப்பாட்டினீங்களா! தேய்ச்சா?"

"பஞ்சுன்னு நினைச்சோங்க."

"என்ன பஞ்சு?" என்றார். எங்கிருந்து ஆரம்பித்து அவருக்குச் சொல்வது? செல்லக்கிளி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

27 ஜூன், திங்கள்

தனி வார்டு. தாயை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். நான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். இதற்கு மருந்து என்று ஒன்று இல்லை, முன்னாடியே வந்திருந்தாலும் இதுதான் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். நான் தேய்த்ததைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. தேய்த்த கை என்னோடுதானே இருக்கிறது.

30 ஜூன், வியாழன்

கண் திறக்கவில்லை.

5 ஜூலை, செவ்வாய்

வள்ளிக்கண்ணு நேற்று விடிவதற்குள் போய்விட்டாள்.

24 ஜூலை, ஞாயிறு

போன திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டுக்குப் போகிறேன். இன்னும் கொஞ்ச நாள் இருங்க என்றுதான் பாய் சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்ய? கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்றுவதற்கு ஒரு படகு ஆர்டர் வந்திருக்கிறது. அச்சில் மெழுகு தடவி, பஞ்சுப் பாயை விரித்து, பிசினை ஊற்றி ரோலர் ஓட்டினேன். கை தானாக வேலை செய்கிறது. இருதயநாதன் அண்ணன் பக்கத்திலேயே நின்று தன் டீயில் பாதியை எனக்குக் கொடுத்தார். அவருக்கும் இப்போது தோல் பழகிவிட்டதாம்.

செல்லக்கிளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ராக்கம்மாள் அண்ணிகூடத் திட்டவில்லை. வந்தாள், அழுதாள், போய்விட்டாள். கறி தின்றதற்கு அவ்வளவு பேசியவர்கள். திட்டினால் தேவலை. நானும் பதிலுக்குக் கத்துவேன்.

ஷெட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டையை இன்று காலையில் துவைக்கலாம் என்று தேடினேன். காணவில்லை. கிணற்றடிக்குப் போனேன். செல்லக்கிளி துவைத்துக்கொண்டிருந்தாள். என் ஷெட் சட்டை, வேட்டி, அவளுடைய புடவை, ரவிக்கை எல்லாம் ஒரே வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் கை முழங்கை வரை சிவந்திருந்தது.

"என்னோடதைத் தனியாப் போடலையா?" என்றேன்.

நிமிராமலே சொன்னாள்: "இனிமே எதுக்குங்க தனியா?"